இரண்டு டயர்க் கணக்கு

ஒக்ரோபரில் இலைகள் நிறம் மாறத் தொடங்கியதும் ஒன்ராறியோவின் கராஜ்களில் தொலைபேசி ஓயாது. விண்டர் டயர் பூட்ட நாள் குறிக்கும் பருவம் அது. பின்சில்லில் ஓடும் கார் வைத்திருப்பவர்கள் பலர் அந்த நாட்களில் ஒரு கணக்குப் போடுவார்கள். எஞ்சின் சுழற்றுவது பின்சில்லுகளைத்தானே, பனியில் புதைந்து சும்மா சுற்றுவதும் அவைதானே, ஆகவே நல்ல விண்டர் டயர் இரண்டு வாங்கிப் பின்னால் பூட்டிவிட்டால் போதும், காசில் பாதி மிச்சம். கேட்கும்போது நியாயமாகவே இருக்கும். ஆனால் கணக்குத் தொடங்கும் இடமே பிழை. பனிக்கால டயர் வாங்கும்போது எந்தச் சில்லு காரைத் தள்ளுகிறது என்ற கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். எந்தச் சில்லு நிறுத்துகிறது, எந்தச் சில்லு திருப்புகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் விடை எப்போதும் நான்கில்தான் வந்து நிற்கும். இது பழைய கார்க்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. சென்ற் தோமஸ் ஆலையில் உருவான ஃபோர்ட் கிரவுன் விக்டோரியா 2011இல் நின்றுபோனது, பிரம்ரனில் உருவான டொட்ஜ் சார்ஜரும் கிறைஸ்லர் 300உம் 2023 டிசம்பரில் நின்றுபோயின என்பதெல்லாம் உண்மை. ஆனால் பின்சில்லு இயக்கம் மின்சாரக் காரின் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. ரெஸ்லா மொடல் 3, ஹுண்டாய் அயோனிக் 5, ஃபோக்ஸ்வாகன் ஐடி.4 ஆகியவற்றில் ஒற்றை மோட்டர் உள்ள வகைகளுக்கு மோட்டர் பின்னால்தான் இருக்கிறது. முன்சில்லுக் காராகப் பிறந்த போல்ஸ்டார் 2கூட 2023இல் பின்சில்லுக்கு மாறியது.

பின்சில்லுக் கார் பனிக்கு ஆகாது என்ற பெயர் சும்மா வந்ததல்ல. முன்சில்லுக் காரில் எஞ்சினும் கியர்பெட்டியும் இயங்கும் சில்லுகளின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. காரின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் அங்கே விழுகிறது. முன்னால் எஞ்சினும் பின்னால் இயக்கமும் உள்ள காரில் பின்சில்லுக்குக் கிடைப்பது ஏறக்குறையப் பாதி. வெறுமையான பிக்கப்பிலும் சரக்கு வானிலும் அதைவிடக் குறைவு. இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இறுகிய பனியில் சாதாரண ஓல்-சீசன் டயரின் உராய்வுக் குணகத்தை 0.2 என்றும், நல்ல விண்டர் டயரின் குணகத்தை 0.3 என்றும் வைத்துக்கொள்வோம். பனியின் தன்மையைப் பொறுத்து இவை மாறும், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். ஓல்-சீசன் டயருடன் முன்சில்லுக் கார் ஏறக்கூடிய சரிவு 12 சதவீதம் என்றால், பின்சில்லுக் கார் ஏறக்கூடியது 10 சதவீதம். ஏற்றத்தில் எடை பின்னுக்குச் சாயும் என்பதால் இந்த இடைவெளி இன்னும் சுருங்கும். அதே பின்சில்லுக் காருக்கு விண்டர் டயர் பூட்டினால் 15 சதவீதம் ஏறிவிடும். அதாவது காரின் வகையை மாற்றியதில் கிடைப்பதைவிட டயரை மாற்றியதில் கிடைப்பது அதிகம். நான்கு சில்லும் இயங்கும் கார் ஓல்-சீசன் டயரிலேயே 20 சதவீதம் ஏறும் என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை. புறப்படும் விஷயத்தில் அதற்கு நிகர் இல்லை.

ஆனால் புறப்பட முடியாத கார் வீட்டு வாசலில் நிற்கும். நிற்க முடியாத கார் எங்கே போய் முடியும் என்பது வேறு கதை. பிரேக் மிதிக்கும்போது முன்சில்லுக் கார், பின்சில்லுக் கார், நாலுசில்லுக் கார் என்ற பேதமே கிடையாது. எல்லாக் கார்களும் நான்கு சில்லாலும்தான் நிற்கின்றன. 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் 0.3 உராய்வில் நிற்க ஏறத்தாழ 33 மீற்றர் வேண்டும், 0.2 என்றால் 49 மீற்றர். இதை வேறு விதமாகவும் சொல்லலாம். விண்டர் டயர் பூட்டிய கார் நின்றுவிட்ட அதே இடத்தில், மற்றக் கார் இன்னும் மணிக்கு 29 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பாதசாரிக் கடவையில் ஒரு பிள்ளை நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 29க்கு என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. வெறும் பனிக்கட்டியில் உராய்வு 0.1க்கு இறங்கினால் தூரம் கிட்டத்தட்ட 100 மீற்றர். இந்தக் கணக்கில் எங்குமே எஞ்சின் எந்தச் சில்லைச் சுழற்றுகிறது என்ற தகவல் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்கலாம்.

இனி, இரண்டு விண்டர் டயரைப் பின்னால் மட்டும் பூட்டிய காருக்கு வருவோம். அது வாசலிலிருந்து சிரமமில்லாமல் புறப்பட்டுவிடும். அதுதான் அதன் ஆபத்து. பின்னால் உள்ள பிடிப்பு ஓட்டுநருக்கு ஒரு தைரியத்தைக் கொடுக்கிறது. முன்னால் அந்தத் தைரியத்துக்கு ஆதாரம் இல்லை. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னுக்குச் சரிகிறது, நிறுத்தும் வேலையில் பாதிக்கு மேல் முன்சில்லுகள் செய்கின்றன. அங்கேயோ குளிரில் விறைத்த ரப்பர். வளைவிலும் இதே கதைதான். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் முன்சில்லுகள் வழுக்கிக்கொண்டு நேரே போகும், பின்சில்லுகள் உற்சாகமாகத் தள்ளிக்கொண்டிருக்கும். தலைகீழாக, முன்னால் மட்டும் விண்டர் டயர் பூட்டினால் இன்னும் மோசம்: முன்பக்கம் பிடித்து நிற்க, பின்பக்கம் சுழன்று கார் வந்த திசையையே பார்க்கும். இரண்டு புதிய டயர் மட்டும் வாங்கினால் பின்னால் பூட்டுங்கள் என்று டயர்க் கடைகள் சொல்வதைச் சிலர் இங்கே சாட்சிக்கு அழைப்பார்கள். அந்த அறிவுரை ஒரே வகை டயர்களில் தேய்ந்த இரண்டையும் புதிய இரண்டையும் எங்கே வைப்பது என்பது பற்றியது, கார் சுழன்றுவிடாமல் இருப்பதற்காகச் சொல்வது. பனிக்கால ரப்பரையும் கோடைகால ரப்பரையும் ஒரே காரில் கலக்க அது அனுமதிச் சீட்டு அல்ல. கனடாவின் போக்குவரத்து அமைச்சும் நான்கு சில்லிலும் பூட்டும்படிதான் சொல்கிறது.

பின்சில்லுக் காரின் குணத்தைப் புரிந்துகொண்டால் இந்த வாதம் இன்னும் தெளிவாகும். ஒவ்வொரு டயருக்கும் தரையிடம் கிடைக்கும் பிடிப்பு ஒரு குறிப்பிட்ட தொகைதான். தள்ளுவதற்குச் செலவழித்தது போக மிஞ்சியதுதான் பக்கவாட்டில் பிடித்து நிற்க உதவும். முன்சில்லுக் காரில் அந்தச் செலவு முழுவதும் முன்சில்லுகளின் தலையில் விழுகிறது: இழுப்பதும் அவை, திருப்புவதும் அவை. பின்சில்லுக் காரில் வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. நான்கிலும் ஒரேயளவு பிடிப்பு இருக்கும்வரை இது நல்ல ஏற்பாடு. வளைவில் அளவுக்கு மீறி முடுக்கினால் மட்டும் பின்சில்லுகள் தங்கள் தொகையைத் தள்ளுவதற்கே கொட்டிவிடும். பிறகு காரின் வால் வெளியே போகும். பின்சில்லுக் கார் ‘வாலாட்டும்’ என்பார்களே, அது இதுதான். ஆகவே பின்சில்லுக் காருக்கென்று தனியாக ஏதாவது நிபந்தனை உண்டென்றால், அது நான்கு டயரும் ஒரே நிறுவனத்தின் ஒரே மொடலாக, ஒரேயளவு தேய்மானத்துடன் இருக்க வேண்டும் என்பதுதான். முன்னும் பின்னும் ஒரேமாதிரி விட்டுக்கொடுக்கும் காரை ஓட்டுநர் படித்துக்கொள்ள முடியும். முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று நடந்துகொள்ளும் காரைப் படிக்க முடியாது.

எந்த டயர் என்பதைத் தீர்மானிக்கப் பெரும்பாலானோர் பார்ப்பது பக்கச் சுவரில் உள்ள முத்திரையைத்தான்: மூன்று முகடு கொண்ட மலை, நடுவே ஒரு பனித்துகள். 1999இல் வட அமெரிக்காவில் அறிமுகமானது. எம்-எஸ் என்ற பழைய எழுத்துகளைவிட இது எவ்வளவோ மேல். அந்த எழுத்துகள் டயரின் கோல அமைப்பை மட்டுமே குறிக்கின்றன, எந்தப் பரீட்சையையும் அல்ல. மலை முத்திரைக்குப் பரீட்சை உண்டு. ஆனால் அது என்ன பரீட்சை? நடுத்தரமாக இறுகிய பனியில் டயர் எவ்வளவு இழுவை தருகிறது என்று அளந்து, ஒரு நிர்ணய டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக இருந்தால் முத்திரை கிடைக்கும். இங்கே அளக்கப்படுவது முடுக்கும்போது கிடைக்கும் இழுவை. நிறுத்தும் தூரமும், வளைவில் பிடிப்பும், பனிக்கட்டியில் நடத்தையும் அதில் இல்லை. வாசலில் இரண்டு டயர்க் கணக்குப் போடுபவர் செய்யும் அதே பிழையின் ஒரு சாயல் முத்திரையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனவே முத்திரை இருக்கிறதா என்பது முதல் வடிகட்டல் மட்டுமே. அதைத் தாண்டியவற்றுள் தெரிவுசெய்யும்போது பனிக்கட்டியில் பிரேக் பிடித்த தூரத்தை அளந்து வெளியிடும் சோதனைகளைத்தான் தேட வேண்டும். தென் ஒன்ராறியோவின் உண்மையான எதிரி ஆழமான பனியைவிட, பகலில் உருகி இரவில் உறையும் ஈரம்தான். தார்வீதியின் நிறத்திலேயே படிந்துகிடக்கும் அந்தக் கறுப்புப் பனிக்கட்டி கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஏற்றவை மென்மையான ரப்பரும் நுண்கீறல் நிறைந்த முகமும் உள்ள டயர்கள். ஆணி பதித்த டயருக்கு மாகாணத்தின் வடக்கில் வசிப்பவர்களுக்குத்தான் அனுமதி என்பதால் ரொறன்ரோக்காரருக்கு அந்த யோசனையே வேண்டாம்.

மின்சாரக் காருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. முடுக்கியிலிருந்து காலை எடுத்ததும் மோட்டர் மின்பிறப்பாக்கியாக மாறி, வேகத்தை மின்சாரமாக்கிப் பற்றரிக்குத் திருப்பி அனுப்புகிறது. கார் தானாகவே வேகம் குறைகிறது. பின்சில்லு மட்டும் இயங்கும் காரில் இந்தத் தடுப்பு முழுவதும் பின்சில்லில் விழுகிறது. வழுக்கும் வளைவில் பயந்து காலைச் சட்டென்று எடுத்தால், ஓடும் காரில் கைபிரேக்கை இழுத்ததற்குக் கிட்டத்தட்டச் சமம். எலெக்ட்ரோனிக் கட்டுப்பாடு மில்லிசெக்கன்களில் தலையிட்டுத் தளர்த்தும் என்பது உண்மை. பல கார்களில் இந்தத் தடுப்பைக் குறைத்து வைக்கவும் பனிக்கென்று தனி ஓட்டமுறை தெரிவுசெய்யவும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்த வேண்டும். ஆனாலும் பழைய பெற்றோல் காரில் நிறுத்தும் வேலையில் சிறு பங்கே செய்த பின்டயர்கள், இங்கே அன்றாடம் தள்ளவும் செய்கின்றன, தடுக்கவும் செய்கின்றன. ‘பின்னால் நல்ல டயர் வேண்டும்’ என்பதற்கு இது கூடுதல் காரணம்தான். முன்னால் அது வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது, ஏனென்றால் அவசரத்தில் மிதிக்கும்போது முன்சில்லுகளே மறுபடி முன்னுக்கு வருகின்றன. மின்சாரக் கார்கள் பற்றரியால் பாரம் கூடியவை. தயாரிப்பாளர் சொல்லும் சுமைக் குறியீட்டுக்குக் குறைந்த டயரை விலை பார்த்து வாங்கக் கூடாது.

அளவு பற்றிக் கடையில் ஒரு வாக்குவாதம் வரும். ஆற்றல் மிக்க பின்சில்லுக் கார்கள் பல, முன்னால் 225, பின்னால் 255 மில்லிமீற்றர் என்று அகலம் வேறுபட்ட டயர்களுடன் வருகின்றன. கோடையில் வறண்ட தார்வீதியில் அந்த அகலம் வேலை செய்யும். பனியில் அகலமான டயர் மேலே மிதக்கப் பார்க்கும். ஒடுங்கிய டயர் அதை வெட்டிக்கொண்டு கீழே உள்ள தரையைத் தேடிப் போகும். எனவே தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவுகளுக்குள், பிரேக் இடிபடாத மிகச் சிறிய றிம்மும் நான்கிலும் ஒரே அகலமும்தான் பனிக்காலத்துக்கு உகந்தவை. 19 அங்குலத்திலிருந்து 18க்கோ 17க்கோ இறங்கினால் டயரின் சுவர் உயர்ந்து குழிகளில் றிம் நெளிவது குறையும், விலையும் குறையும். கார் அழகு குறைந்துவிடும் என்பவர்களுக்குப் பதில் என்னிடம் இல்லை. உப்பும் சேறும் படிந்த ஜனவரிக் காருக்கு என்ன அழகு மிச்சமிருக்கிறது என்பதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

இனி மறுப்புகள். புதிய கார்களில் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இருக்கிறதே என்பது ஒன்று. 2011 செப்ரெம்பர் முதல் கனடாவில் விற்பனைக்கு உருவாகும் கார்களுக்கு அது கட்டாயம், பல உயிர்களைக் காத்த கருவி என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அது செய்வது, தனித்தனிச் சில்லுக்குப் பிரேக் கொடுப்பதும் எஞ்சினின் வலுவைக் குறைப்பதும்தான். பிரேக் கொடுத்த சில்லுக்குத் தரையில் பிடிப்பு இருந்தால்தான் அதற்கு விளைவு. டயரிடம் இல்லாத பிடிப்பைக் கணினியால் கடன் வாங்கித் தர முடியாது. ரொறன்ரோவில் இப்போது முன்போலப் பனி எங்கே, பெய்தாலும் உப்புப் போட்டுத் தள்ளிவிடுகிறார்களே என்பது வலுவான மறுப்பு. குளிர்காலத்தில் பெரும்பாலான நாட்கள் வெறும் வீதிதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நெடுஞ்சாலை 401இல் ஓடும் உப்பு வண்டி குடியிருப்புத் தெருவுக்கு வர நேரமாகும். வெப்பநிலை மைனஸ் 10 பாகைக்குக் கீழே போனால் உப்பின் வேகமும் வெகுவாகத் தணிந்துவிடும். அதோடு, பனியே இல்லாவிட்டாலும் ரப்பருக்குக் குளிர் உறைக்கும். கோடை டயரின் ரப்பர் 7 பாகைக்குக் கீழே விறைக்கத் தொடங்கும் என்பது டயர்த்துறையின் கைக்கணக்கு. ரொறன்ரோவின் நாளாந்தச் சராசரி நவம்பர் முற்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை ஏறக்குறைய அந்த எல்லைக்குக் கீழேதான். ஓல்-சீசன் டயர் கோடை டயரைவிடக் குளிர் தாங்கும் என்றாலும் அதுவும் சமரசப் பண்டம்தான்.

ஆண்டு முழுவதும் ஓடும், மலை முத்திரையும் பெற்ற ‘ஓல்-வெதர்’ டயரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு மட்டும் நான் தலையசைப்பேன். பனிப்புயல் நாளில் காரை விட்டுவிட்டுச் சப்வேயில் போகக்கூடியவருக்கு, டயர்களை அடுக்கி வைக்க இடமில்லாத அடுக்குமாடிவாசிக்கு, அது நேர்மையான தீர்வு. பனிக்கட்டியில் முழு விண்டர் டயருக்கு ஈடாகாது. ஆனாலும் நான்கு ஓல்-வெதர், இரண்டு விண்டரும் இரண்டு ஓல்-சீசனுமாகக் கலந்த காரைவிட நூறு மடங்கு மேல். காலை ஐந்து மணி வேலைக்குப் போகவேண்டியவர், பரி நகருக்கு வடக்கே வார இறுதியில் ஓடுபவர், பொதிகள் கொண்டுசெல்பவர் ஆகியோருக்கு அது போதாது.

கடைசியில் எல்லாம் காசில் வந்து நிற்கும். நான்கு விண்டர் டயரும் றிம்மும் ஆயிரம் டொலரை எளிதாகத் தாண்டும், அது சிறிய தொகையல்ல. ஆனால் விண்டர் டயர் ஓடும் மாதங்களில் மற்ற நான்கும் கராஜில் தேயாமல் கிடக்கின்றன. இரண்டு தொகுதி டயர் ஏறத்தாழ இரு மடங்கு காலம் ஓடும். 2016 ஜனவரி முதல் ஒன்ராறியோவின் காப்புறுதி நிறுவனங்கள் விண்டர் டயருக்குத் தள்ளுபடி கொடுத்தே ஆகவேண்டும். சிறிய சதவீதம்தான், ஆனாலும் வருடா வருடம் வரும். கேட்காதவருக்குக் கிடைக்காமல் போவதும் உண்டு. பக்கத்துக் கியூபெக்கில் 2008இலிருந்து சட்டமே இருக்கிறது. இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம், மீறினால் 200 டொலரிலிருந்து தண்டம். மொன்றியலில் இருக்கும் உறவினருக்கு இது விவாதப் பொருளே அல்ல. உண்மையில் இந்தச் செலவு அதிகம் வாட்டுவது கார் வைத்திருப்பவர்களை அல்ல, சொந்த வானில் ஒப்பந்தத்துக்குப் பொதி விநியோகிப்பவர்களை. ஃபோர்ட் ட்ரான்சிற், மெர்சிடீஸ் ஸ்பிரின்ரர் போன்ற வான்கள் பெரும்பாலும் பின்சில்லில் ஓடுபவை. காலையில் பாரத்தோடு புறப்படும் வான் மாலையில் வெறுமையாகி, பின்பக்கம் இலேசாகி, உறையத் தொடங்கும் தெருவில் திரும்பி வருகிறது. டயர்ச் செலவை ஓட்டுநரின் தலையில் போட்டுவிட்டுக் குறித்த நேரத்துக்குப் பொதி வேண்டுமென்று கேட்கும் நிறுவனங்கள், அந்த நான்கு டயரில் ஒரு பங்கையாவது ஏற்பதுதான் நியாயம். மணல் மூட்டை போட்டுச் சமாளிக்கலாம் என்பது பழைய பிக்கப்காரர்களின் வைத்தியம். பின் அச்சுக்கு நேர் மேலே, அசையாமல் கட்டி வைத்தால் புறப்பட உதவும். நிறுத்த உதவாது. கட்டாமல் விட்டால் பிரேக் பிடிக்கும்போது மூட்டை முன்னுக்குப் பறந்து வரும்.

இரண்டு டயர்க் கணக்கு முதல் வருடம் தோற்றாலும் மூன்றாம் வருடம் வேறு வேடத்தில் திரும்பி வரும். பின்சில்லுக் காரில் தள்ளும் வேலை பின்டயர்களுக்கு என்பதால் அவை சீக்கிரம் தேயும். புதிதில் 8, 9 மில்லிமீற்றர் ஆழம் இருந்த கோலம் 4 மில்லிமீற்றரை நெருங்கினால் பனி மூடிய வீதிக்கு அந்த டயர் உதவாது. அப்போது முன்னிரண்டும் நன்றாகத்தானே இருக்கின்றன, பின்னுக்கு மட்டும் இரண்டு வாங்கினால் என்ன என்ற குரல் கேட்கும். அது கேட்காமல் இருக்க வழி, ஏப்ரலில் கழற்றும்போதே ஒவ்வொரு டயரிலும் அது எந்த மூலையில் இருந்தது என்று சோக்கால் எழுதிவைப்பது. நான்கும் ஒரே அளவு என்றால் நவம்பரில் பின்னே இருந்தவை முன்னே போகும், முன்னே இருந்தவை பின்னே வரும். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரென்றால் அந்தந்தப் பக்கத்திலேயே மாற வேண்டும். கராஜ்காரர் மறந்தாலும் சோக்கு எழுத்து நினைவூட்டும்.